காலண்டர் முருகன் யாரைப் பார்க்கிறார்?

சேலையூரில் அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசைதான் அன்றைக்கு இன்டர்வியூ அறை. மிக்சிக்கு அரை மணி நேரம் ஓய்வு. தெருவில் கோலமாவுக்காரர் வந்தால் சைகையிலேயே அனுப்பிவிட வேண்டும் என்று பாட்டிக்கு உத்தரவு. தாம்பரம் விமானப்படைத் தளத்திலிருந்து கிளம்பும் விமானங்களை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. அக்கா மகள் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்தாள். நாங்கள் சமையலறையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

இருபது நிமிடம் கழித்து எழுந்து வந்தவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"மாமா, நான் அந்த சாரோட கண்ணைப் பாத்துதான் பேசினேன். அவர் என்னடான்னா, 'ஏம்மா, கீழ ஏதாவது வெச்சுப் பாத்துப் படிக்கிறியா'ன்னு கேக்குறாரு!"

அவள் பொய் சொல்லவில்லை. அவரும் இல்லாததைச் சொல்லவில்லை. அவள் அவர் கண்ணைத்தான் பார்த்தாள். அவருக்குத் தெரிந்தது குனிந்த பார்வைதான். இந்தக் கோளாறுக்குக் காரணம் பள்ளிக்கூட வடிவியல்.

நேரில் பேசும்போது நாம் ஒருவரின் கண்ணைப் பார்க்கிறோம். அவர் நம்மைப் பார்ப்பதும் அதே கண்ணால்தான். லேப்டாப்பில் அவருக்கு இரண்டு கண்கள், இரண்டு இடங்களில். நமக்குத் தெரியும் கண் திரையின் நடுவில் இருக்கிறது. நம்மைப் பார்க்கும் கண் திரையின் மேல்விளிம்பில், மிளகளவு கூட இல்லாத கேமராத் துளையில் இருக்கிறது. 14 அங்குல லேப்டாப்பில் திரையின் உயரம் ஏறக்குறைய 17 சென்டிமீட்டர். எதிராளியின் கண் கேமராவுக்கு 8 சென்டிமீட்டர் கீழே விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். அரை மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் இரண்டுக்கும் நடுவே 9 டிகிரி கோணம். கடிகாரத்தின் நிமிட முள் ஒன்றரை நிமிடத்தில் நகர்கிற அளவு, அவ்வளவுதான். அந்த ஒன்றரை நிமிடம்தான் அன்று அவளைக் காப்பியடிக்கிறவளாகக் காட்டியது.

அப்படியானால் கேமராவையே பார்த்துப் பேசினால்? அவருக்குச் சரியாகத் தெரியும். ஆனால் இவளுக்கு அவர் முகம் தெரியாது. அவர் தலையசைக்கிறாரா, கொட்டாவி விடுகிறாரா என்பது ஓரக்கண்ணில் மங்கலாகத்தான் தெரியும். அவரைப் பார்த்தால் பார்ப்பதாகத் தெரியாது. பார்ப்பதாகத் தெரிய வேண்டுமென்றால் அவரைப் பார்க்கக் கூடாது. பேச்சின் வரலாற்றில் இப்படியொரு நிபந்தனை இதற்குமுன் மனிதனுக்கு வந்ததே இல்லை.

கொரோனாக் காலத்தில் முளைத்த சிக்கல் என்று இதை நினைத்துவிட வேண்டாம். 1964-இல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் ஏடி அண்ட் டி நிறுவனம் 'பிக்சர்ஃபோன்' என்ற முகம் பார்த்துப் பேசும் தொலைபேசியைக் காட்டியது. 1970-இல் பிட்ஸ்பர்க் நகரில் அது சேவைக்கும் வந்தது. மாத வாடகை 160 டாலர் என்றால் யார் வாங்குவார்கள்? படுத்துவிட்டது. ஆனால் கேமராவை எங்கே வைத்தால் கண்கள் சந்திப்பதுபோல் தோன்றும் என்று அந்தப் பொறியாளர்கள் அப்போதே மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் விட்ட இடத்தில்தான் சேலையூரும் நிற்கிறது.

9 டிகிரி என்பது பெரிய கோணமே இல்லையே, அதைப்போய் ஒருவர் கண்டுபிடிப்பாரா என்று கேட்கலாம். கண்டுபிடிக்கத்தான் செய்கிறோம். கண்விழியின் ஆரம் ஏறத்தாழ 12 மில்லிமீட்டர். விழி 5 டிகிரி திரும்பினால் கருவிழி நகர்வது ஒரே ஒரு மில்லிமீட்டர். பேருந்தில் நாலு சீட் தள்ளி உட்கார்ந்திருப்பவர் நம்மைப் பார்க்கிறாரா, நமக்குப் பின்னால் இருக்கும் ஜன்னலைப் பார்க்கிறாரா என்று அந்த ஒரு மில்லிமீட்டரை வைத்துத்தான் சொல்லிவிடுகிறோம்.

இதற்கு உதவுவது கண்ணின் வெள்ளை. 1997-இல் ஹிரோமி கோபயாஷி, ஷிரோ கோஷிமா என்ற இரண்டு ஜப்பானிய ஆய்வாளர்கள் 80-க்கும் மேற்பட்ட குரங்கினங்களின் கண்களை ஒப்பிட்டார்கள். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு விழியைச் சுற்றிய பகுதி பழுப்பு. பார்வை எந்தப் பக்கம் என்று எதிரிக்குத் தெரியாது. மனிதனுக்கோ அது வெள்ளை, அதுவும் நிறையவே வெளியே தெரிகிறது. நம் பார்வையை நாமே ஊருக்குத் தண்டோரா போட்டுச் சொல்லும் ஏற்பாடு. சேர்ந்து வேலை செய்யும் இனத்துக்கு அது லாபம் என்பது ஒரு விளக்கம். சில சிம்பன்சிகளுக்கும் வெள்ளை உண்டு என்று பிறகு வந்த ஆய்வுகள் காட்டியதால் அந்த விவாதம் இன்னும் ஓய்ந்தபாடில்லை. விவாதம் எப்படிப் போனாலும் நம் கூர்மை பிறவியிலேயே வருகிறது. பிறந்து 2 முதல் 5 நாளே ஆன குழந்தைகளுக்கு இரண்டு முகங்களைக் காட்டினால், தன்னை நேராகப் பார்க்கும் முகத்தையே அவை அதிக நேரம் பார்த்தன என்று தெரேசா ஃபரோனி குழுவினர் 2002-இல் எழுதினார்கள். பெயர் சூட்டுவதற்குமுன்பே குழந்தைக்கு இந்தக் கணக்கு தெரிந்திருக்கிறது.

அதே 2002-இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் மில்டன் சென் என்பவர் செய்த சோதனைதான் இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்தது. திரையில் ஒரு முகம். அது கேமராவைவிட்டு எவ்வளவு விலகிப் பார்த்தால் 'இவர் என்னைப் பார்க்கவில்லை' என்று நமக்குப் படும்? விடை எல்லாத் திசைக்கும் ஒன்றாக இருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அப்படி இல்லை. பார்வை இடம், வலம், மேல் என்று கொஞ்சம் நகர்ந்தாலும் உடனே பிடித்துவிடுகிறோம். கீழே நகர்ந்தால் மட்டும் நம் கூர்மை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காக மழுங்கிவிடுகிறது. கீழ்நோக்கி சுமார் 5 டிகிரி வரை, 'என் கண்ணைத்தான் பார்க்கிறார்' என்றே எடுத்துக்கொள்கிறோம். கண்ணாடி முன் நின்று பார்த்தால் காரணம் ஓரளவு புரியும். விழி பக்கவாட்டில் திரும்பினால் ஒரு பக்க வெள்ளை குறுகி மறுபக்கம் விரிகிறது. மேலே போனால் கீழே வெள்ளைப் பிறை எட்டிப்பார்க்கிறது. கீழே இறங்கினால் மேலிமையும் கூடவே இறங்கி, நடந்ததை மூடிமறைத்துவிடுகிறது. இன்னொன்றும் சென் சொன்னார். நம்மைப் பார்க்கிறார் என்று நம்பவே மூளைக்கு ஆசை. இல்லை என்று உறுதியாகத் தெரிந்தால்தான் அந்த நம்பிக்கையை விடுகிறது.

அந்த 5 டிகிரி பெரிய வரம். லென்ஸை வெறித்துப் பார்க்கவே வேண்டாம். கோணத்தைச் சுருக்கினால் போதும். எதிராளியின் படத்தைச் சின்னதாக்கி, கேமராவுக்கு நேர் கீழே இழுத்து வைத்தால் 8 சென்டிமீட்டர் 3 ஆகிவிடும். கோணம் மூன்றரை டிகிரிக்கும் கீழே போய்விடும். நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி 80 சென்டிமீட்டரில் உட்கார்ந்தால் 2 டிகிரி சொச்சம். இனி அவர் கண்ணையே தாராளமாகப் பார்த்துப் பேசலாம். நடிப்பு தேவையில்லை.

போனில் பேசுகிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். சினிமா பார்க்கிற மாதிரி போனைப் படுக்கப் போட்டால் லென்ஸ் பக்கவாட்டுக்குப் போய்விடும். முகம் நடுவில், லென்ஸ் 7 சென்டிமீட்டர் இடப்புறத்தில், கை தூரம் 35 சென்டிமீட்டர் என்றால் 11 டிகிரி பக்கப் பார்வை. மூளை கொஞ்சமும் மன்னிக்காத திசை அது. நிறுத்தி வைத்தால் எதிராளியின் கண் திரையின் மேற்பகுதியில், லென்ஸுக்குப் பக்கமாக விழும்; விலகல் 7 டிகிரிக்குள் அடங்கும், அதுவும் மன்னிக்கிற திசையில். இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தால் 5-ஐத் தொட்டுவிடும். மேல்நோக்கிய பார்வைக்கும் மன்னிப்பு கிடையாது. டெல் நிறுவனத்தின் எக்ஸ்பிஎஸ் லேப்டாப்பில் 2015 முதல் சில ஆண்டுகள் கேமரா திரைக்குக் கீழே இருந்தது. பேசுகிறவர் எதிராளியின் தலைக்குமேல் எதையோ பார்ப்பது போலிருக்கும். மூக்குத் துவாரம் வேறு முன்னுக்கு வந்து நிற்கும். 2019-இல் கேமரா மேலே ஏறியது. சென் கட்டுரை வந்து 17 வருடம் ஆகியிருந்தது.

இனி முருகனிடம் வருவோம். அக்கா வீட்டு ஹாலில் மளிகைக்கடைக்காரர் கொடுத்த காலண்டர் ஒன்று தொங்குகிறது. சிவகாசி அச்சு, வேலும் மயிலுமாக முருகன். வாசலில் நின்று பார்த்தாலும் நம்மைப் பார்க்கிறார், சமையலறைக் கதவோரம் நின்று பார்த்தாலும் நம்மைத்தான் பார்க்கிறார். சிறுவயதில் இதைப் பரிசோதிக்காத தமிழ்ப் பிள்ளை யாராவது உண்டா? இதற்கு ஓவியரின் மாயவித்தை எதுவும் தேவையில்லை. வரைந்தபோது விழியை நேர்நோக்கி வைத்தார், அவ்வளவுதான். தட்டையான படத்துக்குப் பக்கவாட்டு என்று ஒன்று கிடையாது. நாம் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் விழிக்கு இருபுறமும் உள்ள வெள்ளை அதே விகிதத்தில்தான் இருக்கும். படம் சற்றே ஒடுங்கித் தெரியும், அதைக் கணக்கில் எடுக்காமல் தள்ளிவிட மூளைக்குத் தெரியும். சிலை அப்படியில்லை. கருவறை முன் பக்கவாட்டில் நின்றால் சுவாமியின் கன்னம்தான் தெரியும். அதனால்தான் சன்னதிக்கு நேரே ஒரு அடி இடத்துக்காக அவ்வளவு முண்டியடிக்கிறோம். அச்சகம் வந்தபிறகு அந்தத் தள்ளுமுள்ளு வீட்டுக்குள் தேவைப்படவில்லை. காலண்டர் சுவாமிக்கு எல்லாரும் நேரெதிரே நிற்பவர்கள்தாம்.

வில்லியம் ஹைட் வொலாஸ்டன் என்ற ஆங்கிலேயர், பல்லேடியம், ரோடியம் என்ற இரண்டு உலோகங்களைக் கண்டுபிடித்த வேதியியலாளர், 1824-இலேயே லண்டன் ராயல் சொசைட்டி இதழில் ஓவியக் கண்களின் பார்வை பற்றி எழுதினார். ஒரே ஜோடிக் கண்களை வைத்துக்கொண்டு மூக்கையும் முகத்தின் கீழ்ப்பாதியையும் மட்டும் வேறு பக்கம் திருப்பி வரைந்தால் கண்களும் வேறு பக்கம் பார்ப்பதாகத் தோன்றும் என்று படம்போட்டுக் காட்டினார். கண்ணைத் தனியே படிப்பதில்லை, முகத்தோடு சேர்த்துத்தான் படிக்கிறோம். பக்கத்தில் இன்னொரு திரையை வைத்துக்கொண்டு அதன் பக்கம் முகத்தைத் திருப்பி உட்கார்ந்து பேசுகிறவர்கள், கண்ணை மட்டும் கேமராவுக்கு அனுப்பிப் பயனில்லை.

வீடியோ காலும் தட்டையான படம்தான். முருகனின் விதி அங்கேயும் செல்லும். லென்ஸைப் பார்த்துவிட்டால், குழுவில் ஐந்து பேர் இருந்தாலும் ஐந்து பேருக்கும் 'என்னையே பார்க்கிறாள்' என்று தோன்றும். எந்த நேர்முகத் தேர்வு அறையிலும் நடக்காத அதிசயம் இது. மறுபக்கமும் உண்டு. ஐந்து பேரில் கேள்வி கேட்ட ஒருவரை மட்டும் பார்த்துப் பதில் சொல்ல வழியே இல்லை. எல்லாரையும் பார்க்கலாம், அல்லது யாரையும் பார்க்காமல் இருக்கலாம். வகுப்பில் ஒரு பையனை மட்டும் ஒரு பார்வையில் அடக்கிவிடும் ஆசிரியர்களின் கை இணைய வகுப்பில் கட்டப்பட்டுவிட்டது இதனால்தான்.

லென்ஸையும் முகத்தையும் ஒரே இடத்தில் வைக்க முடியாதா? முடியும், கண்ணாடி ஒன்று போதும். 1975-இல் சென்னைத் தொலைக்காட்சி தொடங்கியபோது செய்தி வாசித்தவர்கள் தாளைப் பார்த்து ஒரு வரி, நம்மைப் பார்த்து ஒரு வரி என்று படித்தார்கள். இன்றைய வாசிப்பாளர் நம்மைவிட்டுக் கண்ணெடுப்பதே இல்லை. லென்ஸுக்கு முன்னால் 45 டிகிரி சாய்த்து வைத்த பாதிப் பிரதிபலிப்புக் கண்ணாடியில் எழுத்து ஓடுகிறது. வாசிப்பவருக்கு எழுத்து தெரியும், பின்னால் இருக்கும் கேமராவுக்கு அவர் தெரிவார். 2025 ஏப்ரலில் தாம்பரம் தடத்தில் விட்ட ஏசி மின்சார ரயிலில் இரவு ஏறினால் இதை இலவசமாகப் பார்க்கலாம்: ஜன்னல் கண்ணாடியில் நம் முகமும் தெரியும், அதனூடே பல்லாவரத்து விளக்குகளும் தெரியும். அமெரிக்க ஆவணப்பட இயக்குநர் எரல் மோரிஸ் அந்தக் கண்ணாடியில் எழுத்துக்குப் பதில் தன் முகத்தையே ஓடவிட்டார். அதற்கு 'இன்டரோட்ரான்' என்று பெயர். 2003-இல் வந்த அவர் படத்தில் முன்னாள் பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் மெக்நமாரா வியட்நாம் போரைப் பற்றி நேரே நம் கண்ணைப் பார்த்துப் பேசுவது அதனால்தான்.

பார்வைக்கும் கண்ணாடிக்கும் உள்ள உறவு இதைவிடப் பழையது. இலங்கையின் பௌத்த விகாரைகளில் புத்தர் சிலைக்குக் கண் எழுதும் கலைஞர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று, கண்ணாடியில் பார்த்தே எழுதும் வழக்கத்தை ஆனந்த குமாரசாமி 1908-இல் வெளியிட்ட சிங்களக் கலை பற்றிய நூலில் பதிவு செய்திருக்கிறார். திறக்கிற கண்ணின் முதல் பார்வை நேரே தன்மேல் பட்டுவிடக் கூடாது என்ற அச்சம். நாம் நேர் எதிர். பார்வை எப்படியாவது மேலே பட வேண்டும் என்று கண்ணாடி பிடிக்கிறோம்.

இப்போது கண்ணாடியும் வேண்டாம் என்கின்றன மென்பொருள்கள். ஆப்பிள் 2020-இல் ஃபேஸ்டைமிலும், என்விடியா 2023-இல் தன் மென்பொருளிலும், கீழே பார்க்கும் விழியை நிமிர்த்தி வரைந்துவிடும் வசதியைக் கொண்டுவந்தன. சாதனைதான். எனக்குப் பார்க்க ஒரு மாதிரி இருக்கிறது. யோசிக்கும்போதும் சிரிக்கும்போதும் இமைக்காமல் நம்மையே பார்த்துக்கொண்டிருக்கும் முகத்தை ஊரில் வேறு பெயர் சொல்லி அழைப்பார்கள்.

எவ்வளவு நேரம்தான் கண்ணைப் பார்ப்பது? லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்துக்கு வந்த சுமார் 500 பேரை வைத்து நிக்கோலா பினெட்டி குழுவினர் 2016-இல் வெளியிட்ட ஆய்வில் சராசரி 3.3 வினாடி. அதற்குமேல் போனால் நெளிகிறார்கள். கேம்ப் ரோட்டில் ஷேர் ஆட்டோவில் ஏறிப் பாருங்கள்: முழங்காலோடு முழங்கால் இடிக்க எதிரெதிரே உட்கார்ந்திருப்போம், ஒருவர் கண்ணை ஒருவர் பார்ப்பதில்லை. உடம்பு நெருங்கினால் கண் விலகும்; மைக்கேல் ஆர்கைல், ஜேனட் டீன் இருவரும் இந்தச் சமன்பாட்டை 1965-இல் எழுதினார்கள். வீடியோ காலில் அது குலைகிறது. மேலதிகாரியின் முகம் கைக்கெட்டும் தூரத்தில் பெரிதாக நிற்கிறது, விலகிக்கொள்ள இடமில்லை. காணொளிச் சோர்வுக்கு இது ஒரு காரணம் என்று ஜெரமி பெய்லன்சன் 2021-இல் வாதிட்டார். நாள் முழுக்கத் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பது இன்னொன்று. சலூன் நாற்காலியில் எட்டு மணி நேரம் உட்கார யாருக்கு முடியும்? தன் படத்தை மறைக்கும் பொத்தான் இருக்கிறது, அதைத் தட்டிவிடலாம்.

எனக்கு உண்மையில் கோபம் வருகிற இடம் வேறு. நம் வீடுகளில் "பெரியவங்க பேசும்போது முறைச்சுப் பாக்காதே" என்று சொல்லி வளர்க்கிறோம். அதே பிள்ளையிடம் வேலைவாய்ப்புப் பயிற்சியில் "லென்ஸைவிட்டுக் கண்ணை எடுக்காதே" என்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே, கண்ணை எடுக்காமல் மனிதனால் யோசிக்க முடியுமா என்ற கேள்வியை யாரும் கேட்பதில்லை. கேட்டவர் ஆர்தர் கிளென்பெர்க். கடினமான கேள்வி கேட்டால் மனிதர்கள் தாமாகவே கண்ணை அகற்றுகிறார்கள், அப்படி அகற்றும்போது ஞாபகமும் நன்றாக வருகிறது என்று அவரும் சகாக்களும் 1998-இல் காட்டினார்கள். எதிரே உள்ள முகம் மூளைக்குப் பெரிய வேலை. அதைக் கொஞ்சம் இறக்கிவைத்தால்தான் விடையைத் தேட ஆள் கிடைக்கும். 'விட்டத்தைப் பார்த்து யோசிக்கிறான்' என்று நாம் சொல்வது கேலியாகவே வந்தாலும் கவனித்துச் சொன்னதுதான்.

2020 செப்டம்பரில் அண்ணா பல்கலைக்கழகம் இறுதிப் பருவ மாணவர்களுக்கு இணையவழித் தேர்வு நடத்தியபோது, எழுதுகிறவரின் கேமராவைச் செயற்கை நுண்ணறிவு மென்பொருள் கண்காணித்தது. ஜிஎஸ்டி சாலை நெடுகிலும் உள்ள கல்லூரிகளின் பிள்ளைகள் கழுத்தைத் திருப்பப் பயந்துகொண்டு ஹாலிலும் மொட்டைமாடி அறையிலும் உட்கார்ந்து எழுதினார்கள். தேர்வு ஹாலில் மேற்பார்வையாளருக்கு, பக்கத்துப் பையனின் தாளைப் பார்க்கிறவனையும் விட்டத்தைப் பார்க்கிறவனையும் பிரித்துப் பார்க்கத் தெரியும். கோணத்தை மட்டும் அளக்கிற இயந்திரத்துக்கு இரண்டும் விலகல்.

அடுத்த சுற்றுக்கு முந்தின நாள் நாங்கள் மேசையைத் திருப்பிப் போட்டோம். முதல் நாள் ஜன்னல் அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. முகம் இருண்டு, கண்ணின் வெள்ளையே தெரிந்திருக்காது. இப்போது வெளிச்சம் முகத்தில். லேப்டாப்புக்கு அடியில் பத்து கிலோ அரிசி டப்பா. அவள் கண்மட்டத்துக்குச் சரியாக வந்தது. எதிராளியின் படத்தைக் கேமராவுக்குக் கீழே இழுத்து வைக்கக் கற்றுக்கொண்டாள்.

"யோசிக்கணும்னா?" என்று கேட்டாள்.

"'ஒரு நிமிஷம் யோசிச்சு சொல்றேன் சார்'னு சொல்லிட்டு எங்க வேணா பாரும்மா. விட்டத்தைப் பாரு."

"நம்ம வீட்ல விட்டம் ஏது மாமா, ஃபேன்தான் இருக்கு."

ஃபேனைத்தான் பார்த்தாளாம், இரண்டு கேள்விக்கு. மேசையைத் திருப்பியதில் நாங்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை: காலண்டர் சுவர் இப்போது அவளுக்குப் பின்னால் வந்துவிட்டிருந்தது. எல்லாம் முடிந்து நன்றி சொல்லும்போது அந்த அதிகாரி சிரித்தாராம்.

"ஏம்மா, நீ பேசினதெல்லாம் சரி. பின்னாடி முருகர் அரை மணி நேரமா என்னையே பாத்துட்டிருக்காரே!"